ஆட்டர் ஓடைப் பாலமும் இரண்டு உறைகளும்

லவோன் டோலஃப்சனைக் கட்சி மாறி என்று சொல்லாத வாய் அந்த ஊரில் இல்லை. சொன்ன வாய்கள் மட்டும் ஒரே கட்சியில் நின்றனவா? ஒரு தேர்தலில் ஜனநாயகக் கட்சி, மறு தேர்தலில் குடியரசுக் கட்சி என்று சாய்ந்து சாய்ந்தே நாட்டையே நகம் கடிக்க வைக்கும் விஸ்கான்சின்காரர்கள்தானே அவர்களும்.

லவோன் இருபத்திரண்டு வருஷம் குடியரசுக் கட்சியில் இருந்தவள். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். ஆட்டர் ஓடைப் பாலம் விரிசல் விட்டு மூடப்பட்டதும் பிள்ளைகளை ஒன்பது மைல் சுற்றி அழைத்துப்போக வேண்டியதாயிற்று. சொந்தக் கட்சிச் சட்டசபை உறுப்பினரிடம் ஏழு முறை மனு கொடுத்தாள். அந்த மனிதர் ஏழு முறையும் அழகாகக் கை குலுக்கினார். எட்டாவது முறை அவள் மனுவோடு போகவில்லை. ஜனநாயகக் கட்சியில் சேர்ந்து அவரை எதிர்த்தே நின்றாள். பத்தொன்பது ஓட்டில் தோற்றாள்.

"நான் மாறலப்பா. பாலந்தான் மாறாமக் கெடக்கு," என்று கேலி செய்தவர்களுக்குப் பதில் சொல்லிவிட்டு, இரண்டு வருஷம் கழித்து மறுபடியும் நின்றாள்.

ஓட்டுப்பதிவு நாள். மாலை ஏழரை. அவள் கணவன் டுவைன் தொலைபேசியை வைத்துவிட்டுச் சிரித்தான்.

"ஆர்டிஸ் பேசினா." ஆர்டிஸ்தான் ஊர் எழுத்தர்; ஊரில் தேர்தலை நடத்துவதும் அவள்தான். "ஆர்வில், ஐரீன் ரெண்டு பேரோட தபால் ஓட்டும் செல்லாதாம். உறைல சாட்சிக் கையெழுத்து இருக்கு, விலாசம் இல்ல. எட்டு மணிக்குள்ள சாட்சி வந்து எழுதினா எண்ணுவாங்களாம்."

"சாட்சி யாரு?"

"நான்தான்."

ஆர்வில் ப்ரோஹாஸ்கா எதிர்வீட்டுக்காரர். முப்பது வருஷமாகக் குடியரசுக் கட்சிப் பலகை அவர் வயலில் நட்டபடி நிற்கிறது. மனைவி ஐரீனுக்கு இடுப்பில் அறுவைச் சிகிச்சை என்பதால் இருவரும் முன்கூட்டியே ஓட்டுச் சீட்டை நிரப்பி உறையிலிட்டிருந்தார்கள்.

"விலாசம் எழுத உனக்கு என்ன கேடு?"

"முப்பத்தாறு வருஷமா இதே வீட்டுல இருக்கேன். ஆர்டிஸ் என் கல்யாணத்துல கேக் வெட்டினவ. என் விலாசம் அவளுக்குத் தெரியாதா?"

"வண்டியை எடு."

"லவோன், அது ரெண்டும் உன் எதிராளிக்கு விழுற ஓட்டு. போன தடவை பத்தொன்பதுல போச்சு, நெனவிருக்கா?"

அவளுக்கு நினைவில்லாமலா? ஒரு நிமிடம் அடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். போகாவிட்டால் யாரும் கேட்கப்போவதில்லை. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

"அது அவங்க ஓட்டு, டுவைன். நீ எழுதாம விட்டதுக்கு அவங்க ஏன் வாயை மூடணும்? எழுந்திரு."

பாலம் திறந்திருந்தால் ஓட்டு எண்ணும் ஊர்மன்றத்துக்கு ஐந்து நிமிடம். ஒன்பது மைல் சுற்றிக்கொண்டு, வழியெல்லாம் டுவைன் முனகிக்கொண்டே ஓட்டினான். ஊர்மன்றத்தில் அவன் பேனாவை எடுத்தபோது எட்டு மணிக்கு ஆறு நிமிடம் இருந்தது.

மறுநாள் காலை லவோன் இரண்டு ஓட்டு முன்னிலையில் இருந்தாள். எதிராளி மறு எண்ணிக்கை கேட்டார். இரண்டு வாரம் ஒவ்வொரு சீட்டாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தும் அந்த இரண்டு அசையவில்லை. செய்தி வந்தது வெள்ளிக்கிழமை. வாரவாரம் போல ஊரே மீன் வறுவலுக்கு மதுக்கடையில் கூடியிருந்தது. போன மாதம் கேலி செய்தவர்கள் மேசையைத் தட்டி அவள் பெயரைக் கத்தினார்கள். லவோன் அழுதாள், சிரித்தாள், டுவைனின் தட்டிலிருந்த மீனையும் சேர்த்துத் தின்றாள்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஆர்வில் வந்து எதிரே உட்கார்ந்தார்.

"ஒன் புருஷன் கடைசி நேரத்துல ஓடினானாமே. ஆர்டிஸ் சொன்னா."

"ஆமா ஆர்வில். உங்க பலகைக்கு என்னால ஆன ஒத்தாசை."

"பலகை எங்கப்பன் நட்டது. அது அங்கயேதான் இருக்கும்." குரலைத் தாழ்த்தினார். "ஐரீனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போன அன்னிக்கு ஆம்புலன்ஸும் ஒன்பது மைல் சுத்தித்தான் வந்துது. நீ ஜெயிச்ச அந்த ரெண்டு ஓட்டும் எங்களோடது, பொண்ணு."

லவோன் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தாள். அவர் விரலை ஆட்டினார்.

"ரொம்பத் துள்ளாத. ரெண்டு வருஷந்தான். அதுக்குள்ள பாலம் வரலேன்னா மறுபடி மாறிடுவோம்."

"மாறுங்க," என்றாள் லவோன், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "நானே வந்து வண்டில கூட்டிப்போறேன்."