ஆதன் வெட்ட மாட்டான்

துடைத்த தரை காய ஏழு நிமிடம் ஆகும். மின்விசிறி ஓடினால் ஐந்து. அதுவரை பொற்கொடி வராந்தாவின் கோடியில், மாப்பைச் சுவரில் சாய்த்துவிட்டு, இடுப்பில் செருகிய செல்போனை எடுத்து ஒற்றைக் கட்டைவிரலால் தட்டிக்கொண்டு நிற்பாள். யாராவது ஈரத்தில் கால் வைக்கப் போனால் தலை நிமிராமலே குரல் வரும்: "செத்த நில்லுங்க சார், தர்பார் நடந்துகினு இருக்குது." புதிதாக மாற்றலாகி வந்தவர்கள், உள்ளே ஏதோ பெரிய அதிகாரி கூட்டம் போடுகிறார் என்று பயந்து நின்றுவிடுவார்கள்.

தர்பார் நடப்பது மாகடம்பப் பேரரசில். அது எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் தேடாதீர்கள். பொற்கொடியின் போனில் இருக்கிறது. தொடர்கதை படிக்கிற செயலி ஒன்றில் இரண்டே கால் வருஷமாக வாரம் ஓர் அத்தியாயம் எழுதுகிறாள். நூற்றுப் பத்தொன்பது ஆயிற்று. நாற்பதாயிரம் பேர் படிக்கிறார்கள். பட்டத்து இளவரசன் பெயர் ஆதன்.

எழுதுகிறவள் பத்தாம் வகுப்பு, வயது நாற்பத்து மூன்று, நெய்வேலி டவுன்ஷிப்பில் எங்கள் அலுவலகத்துக்குத் துப்புரவு கான்ட்ராக்ட். காடாம்புலியூரில் முதல் பஸ் பிடித்து ஆறரைக்கு வந்துவிடுவாள். கணவர் மதிவாணன் மைன்ஸில் கான்ட்ராக்ட். நான் அதே அலுவலகத்தில் இருபத்தாறு வருஷமாகப் பெர்மனென்ட். இத்தனை வருஷத்தில் நான் சொந்தமாக எழுதியது லீவு லெட்டர் மட்டும்தான், அதிலும் பாதி பொய்.

மாகடம்பம் விசித்திரமான பேரரசு. கோட்டைக் காவலுக்கு மூன்று ஷிப்ட். மடைப்பள்ளிக்கு ஜெனரல் ஷிப்ட். மகாராணிக்குக்கூட வாரத்தில் ஒரு நாள் லீவு. மந்திரிகள் தெருவில் நாலே வீடு, சிப்பாய்கள் தெருவில் நாற்பது. "ஏம்மா, ராஜா காலத்துல ஏது ஷிப்ட்?" என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். "ஷிப்ட் இல்லாம கோட்டைய யாரு மேடம் பாத்துக்குவா? பூட்டிட்டு வூட்டுக்குப் பூடுவாங்களா?" என்றாள்.

முப்பதாவது அத்தியாயத்தில் ஒரு தப்புச் செய்தாள். கிழக்கு வாசல் காவலன், மணி அடித்ததும் ஈட்டியைச் சாய்த்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போகிறான்; அந்த நேரம் பார்த்து எதிரி நுழைகிறான். மதுரைக்காரர்களும் மலேசியாக்காரர்களும் ஆஹா என்றார்கள். இங்கே மைன்ஸ் குடும்பங்கள் கொதித்துப் போயின. அடுத்த ஷிப்டுக்கு மாற்றுகிற ரிலீவர் வந்து நிற்காமல் ஒருத்தன் மிஷினை விட்டு இறங்குவானா? நூற்றைம்பது கமென்ட். மதிவாணனே சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு, "எந்தூர்ல இப்டி எறங்குறான்? மெமோ குடுத்துருவாங்கடி!" என்று கத்தினாராம்.

மறுவாரமே திருத்தினாள். காவலன் இறங்கவில்லை. மாற்ற வேண்டியவன் காய்ச்சலில் கிடக்கிறான். இரண்டாவது ஷிப்டும் சேர்த்து நின்று கால் நடுங்குகிற காவலனிடம் பட்டத்து இளவரசன் வந்து, "நீங்கள் போய்ப் படுங்கள், நான் நிற்கிறேன்" என்கிறான். ஈட்டியைக்கூட வாங்கிக்கொள்ளாமல் எட்டு மணி நேரம் வெறுங்கையோடு நிற்கிறான். எதிரியைப் பொற்கொடி வேறு ஏதோ சுரங்க வழியில் அனுப்பிச் சமாளித்துக்கொண்டாள். அன்றிலிருந்து நெய்வேலியில் ஆதனுக்குத் தனி மவுசு.

ஆதன் குரலை உயர்த்த மாட்டான். குதிரையைக்கூட 'வாங்க' என்றுதான் கூப்பிடுவான். முதல் அத்தியாயத்தில் அவன் வருகிற இடம் இது: அரண்மனைத் தாழ்வாரத்தை ஒரு பெண் துடைத்து வைத்திருக்கிறாள். தளபதி மிதித்துக்கொண்டு போகிறான், மந்திரி மிதித்துக்கொண்டு போகிறார். இளவரசன் மட்டும் தரை காயட்டும் என்று தூணோரம் நிற்கிறான். அதைப் படித்ததும் குனிந்து என் செருப்பைப் பார்த்தேன். அவள் துடைத்த ஈரத்தில் செருப்புக் காலோடு எத்தனை நூறு தடவை நடந்திருப்பேன்! வெட்கமாகப் போய்விட்டது.

ஏன் இப்படி ஒரு ராஜகுமாரன் என்று கேட்டேன். "எங்கள எல்லாரும் அதட்டித்தான மேடம் கூப்புடுறாங்க. எங்கம்மா முந்திரிக் காட்டுக்குக் கூலிக்குப் போனப்பவும் அதட்டல்தான், எனக்கும் அதட்டல்தான். ஒரு ராசாவாச்சும் மெதுவாப் பேசட்டுமேன்னு எழுதுனேன். மெதுவாப் பேசுறவனும் நாடு ஆளலாம்னு காட்டிட்டுத்தான் மேடம் வுடுவேன்." அவளும் மெதுவாகத்தான் சொன்னாள். தாடை மட்டும் இறுகியிருந்தது.

போன மாதம் அந்தச் செயலிக்காரர்கள் ஓர் அறிவிப்புப் போட்டார்கள். ஐந்து தொடர்களை அச்சுப் புத்தகமாகக் கொண்டுவருகிறார்கள். பட்டியலில் பொற்கொடியின் கதையும் இருந்தது. சனிக்கிழமைகளில் டவுன்ஷிப் நூலகத்தைப் பெருக்குவதும் அவள்தான். "நான் தூசி தட்டுற அலமாரில எம்பேரு போட்ட பொஸ்தகம் ஒண்ணு இருக்கணும் மேடம். அதையும் நானே தட்டணும்." இதைத் தவிர வேறோர் ஆசையை அவள் சொல்லி நான் கேட்டதில்லை.

சென்னையிலிருந்து சுதாகர் என்கிற எடிட்டர் பேசினார். "அக்கா, நூத்திருபதுல ஆதன் வாள எடுக்கணும். அரியணையத் திருடுன சித்தப்பா தலை உருளணும். ரீடர்ஸ் வெறியா இருக்காங்க. இது இல்லாம புக் போக முடியாது." வாசகர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. 'ஆதன் ஆம்பளைதானா?' என்று ஒரு புண்ணியவான் தினமும் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஒரு வாரம் வராந்தா தினமும் இரண்டு தடவை துடைக்கப்பட்டது. பிறகு நூற்றிருபதை எழுதினாள். ஆதன் வாளை வாசலிலேயே வைத்துவிட்டு சபைக்குள் போகிறான். அரியணைக்கு எதிரில் நின்று, "சித்தப்பா, உங்கள் முறை முடிந்துவிட்டது. மாற்றுவதற்கு நான் வந்திருக்கிறேன்" என்கிறான். சித்தப்பா சிரிக்கிறான். ஆதன் கடைசிப் படியில் உட்கார்ந்துகொள்கிறான். போகவே இல்லை. மடைப்பள்ளிக்காரி வந்து பக்கத்தில் உட்காருகிறாள், கிழக்கு வாசல் காவலன் வருகிறான், ஒவ்வொருவராக சபையே தரையில் உட்கார்ந்துவிடுகிறது. நின்றுகொண்டிருப்பது சித்தப்பா ஒருவன்தான். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

சுதாகருக்குச் சிலிர்க்கவில்லை. "ராஜா கதைல தர்ணாவாக்கா?" என்றார்.

வெள்ளிக்கிழமை மதியம் ஒன்றரைக்கு பினாயில் வாளியோடு என் மேஜைக்கு வந்தாள். "இது இன்னான்னு படிச்சு சொல்லுங்க மேடம். எனக்குப் புரியுது, இருந்தாலும் நீங்க ஒருக்காப் படிங்க." செயலிக்காரர்களின் செய்தி. கடைசி இரண்டு பத்திகளை அவர்களே வேறு ஆளை வைத்து மாற்றி எழுதியிருக்கிறார்கள். ஆசிரியர் பெயர் பொற்கொடி என்றே இருக்கும். இரண்டு மணிக்குள் பதில் வராவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வார்கள். மறுத்தால் பட்டியலிலிருந்து நீக்கிவிடுவார்கள்.

பத்திகளைப் படித்தேன். பொய் சொல்வானேன், நன்றாகவே இருந்தன. ஆதன் பாய்கிறான், வாள் மின்னுகிறது, தலை படிக்கட்டில் உருளுகிறது. சுவரில் கடிகாரம் ஒன்று நாற்பத்தெட்டு.

"பொற்கொடி, நீ ஒண்ணுமே செய்ய வேணாம். பேசாம உக்காரு. ரெண்டு மணி ஆகட்டும். புத்தகம் வந்துடும்" என்றேன்.

"வெட்டுனா ஆதன் செத்துருவானே மேடம்."

"சித்தப்பாதான்டி சாவான்!"

"இல்ல மேடம். ஆதன்தான்."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "ரெண்டே ரெண்டு பாரா! எவன் எழுதினான்னு யாருக்குத் தெரியப் போகுது? உன் பேரு அட்டையில இருக்குமே, பைத்தியமே! இன்னொரு தடவை கூப்பிடுவாங்களா உன்னை?"

"கூப்புட மாட்டாங்க" என்றாள். "அட்டைல எம்பேரு இருக்கும், உள்ள அவன் இருக்க மாட்டான். அந்தப் பொஸ்தகத்த நான் எப்டி மேடம் கையால தொடுவேன்?" கண் கலங்கியிருந்தது. முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை, துடைத்துக்கொள்ளவும் இல்லை. "எனக்கு வேணும் மேடம் அந்தப் பொஸ்தகம். வேணாம்னு சொல்லல. நாப்பதாயிரம் பேரு படிச்சாலும் எங்க தெருவுல ஒருத்தருக்கும் தெரியாது. பொஸ்தகம்னா காட்டலாம். அதுக்காக அவன் கைல வாளக் குடுக்க முடியாது."

'மறுக்கிறேன்' என்ற கட்டத்தை அழுத்தினாள். உடனே இன்னொரு கேள்வி வந்தது: 'உறுதியாகவா? இந்த முடிவை மாற்ற இயலாது.' ஒன்று ஐம்பத்தாறு. 'ஆம்' என்ற கட்டத்தில் கட்டைவிரலை வைத்தாள். பினாயில் ஈரம், திரை அசையவில்லை. சேலையில் தேய்த்துவிட்டு மறுபடி வைத்தாள். அப்போதும் அசையவில்லை. நல்லதாகப் போயிற்று என்று எனக்குள் ஒரு சின்னச் சந்தோஷம் எட்டிப்பார்த்தது. இன்னும் மூன்று நிமிடம், அவ்வளவுதான்.

"செத்தப் புடிங்க மேடம்" என்று போனை என் கையில் கொடுத்தாள். முந்தானையை உதறி எடுத்து இரண்டு கைகளையும் விரல் விரலாக அழுத்தித் துடைத்தாள். கட்டைவிரலை வாயருகே வைத்து ஊதிக் காயவைத்தாள். பிறகு, நான் இழுத்துக்கொள்ளாதபடி இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, என் உள்ளங்கையில் இருந்த போனில் 'ஆம்' என்பதை அழுத்தினாள். இந்தத் தடவை திரை அசைந்தது.