சீட்டாட்டத்தைக் கலைக்க ஒரு மங்கல் பல்பு

மத்திகிரி மாட்டுப் பண்ணைக் குடியிருப்புக்குக் கரண்டு வந்ததும் என் வீட்டுக்காரர் கூடத்தில் நூறு வாட் பல்பை மாட்டினார். அன்றிலிருந்து அவருடைய பண்ணைச் சிநேகிதர்கள் மூவரும் பொழுது சாய்ந்தால் ஈசல் மாதிரி வந்து சீட்டாட உட்கார்ந்துவிடுவார்கள். காபி போட்டே என் கை ஓய்ந்தது.

ஒருநாள் ஓசூர்க் கடைவீதியில் இருப்பதிலேயே மங்கலான பல்பாகப் பார்த்து வாங்கிவந்து மாட்டினேன். ராஜா எது, ராணி எது என்று தெரியாமல் திண்டாடட்டும் என்று அடுப்படியில் சிரித்துக்கொண்டிருந்தேன். ஆட்டம் சீக்கிரமே நின்றது.

"அண்ணி, இந்த வெளிச்சம் கண்ணுக்கு எவ்ளோ இதமா இருக்குது!" என்று ஒரு குரல்.

எட்டிப் பார்த்தேன். மூவரும் பாயில் காலை நீட்டிப் படுத்திருந்தார்கள்.

மறுநாள் மாலை சீட்டுக்கட்டைக் காணோம். ஆளுக்கொரு தலையணையோடு வந்தார்கள்.