ஜெகதீஸ்வரி ஏற்றாத மெழுகுதிரி

ஜெகதீஸ்வரியைக் கெட்டிக்காரி என்றால் அது மிகை. பிடிவாதக்காரி என்பதுதான் பொருந்தும். ரொக்ஸ்பரோவில் கார்டெரி என்னும் பிள்ளைப் பராமரிப்பு நிலையமொன்றில் குழந்தைகளுக்குச் சாப்பாடு தீத்தி, நித்திரையாக்கும் உதவியாளராகப் பல வருடம் நின்றவர், நாற்பத்தாறு வயதில் அந்த வேலையையே முறையாகப் படிக்க சேஜெப்புக்குப் போனார். பள்ளிக்கூடத்துக்கும் பல்கலைக்கழகத்துக்கும் நடுவிலுள்ள அந்தக் கல்லூரியில், அவரோடு படித்தவர்கள் எல்லோருக்கும் அவருடைய மகள் வித்தியாவின் வயது.

பஸ்ஸில் பிரெஞ்சுச் சொற்களை வாய்க்குள் சொல்லிக்கொண்டு போவார். கலியாண வீடுகளில் கணவர் இரவிச்சந்திரனின் உறவுக்காரர், "என்ன ஜெகா, வீட்டுவேலை செய்யாட்டி ரீச்சர் அடிப்பாவோ?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

கடைசித் தவணையில் ஓர் அழைப்பு வந்தது. கல்லூரியில் மிக நல்ல புள்ளி எடுத்தவர்களை மட்டும் தெரிவுசெய்து சேர்க்கும் மாணவர் சங்கம் அது. அதன் செயலாளர் வின்சன்ட், அவருடைய வகுப்பு மாணவன்தான், முறையை விளக்கினான். பெயரைக் கூப்பிடுவார்கள். மேடைக்குப் போய் மெழுகுதிரி ஏற்றி உறுதிமொழி சொல்ல வேண்டும். நேரில் வராதவரைச் சேர்ப்பதில்லை; படிப்பு முடிந்தபின் சேரவும் முடியாது.

ஜெகதீஸ்வரி நீலச் சேலையொன்றை எடுத்து வைத்தார். கணவரின் ஆட்களையும் கூப்பிட நினைத்தார். அவர்கள் பார்த்திருக்கத் தன் பெயர் கூப்பிடப்பட வேண்டும். ஆசை என்று சொன்னால் போதாது. அது ஒரு பசி.

விழாவுக்கு முந்திய கிழமை லவாலில் சிவநேசம் இறந்துபோனார். இரவிச்சந்திரனின் பெரியப்பா மகன். ஏதோ காணிப் பிரச்சினையில் இரண்டு வீட்டுக்கும் பல வருடமாகப் பேச்சில்லை. பேச்சில்லாவிட்டாலும் துடக்கு, சாவுத் தீட்டு, உண்டு. முப்பத்தோராம் நாள் கிரியையான அந்தியேட்டி முடியும்வரை, ஒரு மாதம், கோயிலுக்குப் போகக்கூடாது, விளக்கேற்றக்கூடாது, நல்ல காரியங்களில் நிற்கக்கூடாது.

"மெழுகுதிரி ஏத்தவேணுமாம்," என்றார் ஜெகதீஸ்வரி கணவரிடம். "துடக்கோட எப்பிடியப்பா?"

"உன்ர விருப்பம். ஆனா ஆக்கள் கேட்டா நான் என்ன சொல்லுறது?"

"அம்மா, அது கோயில் இல்லை, காலேஜ்!" என்றாள் வித்தியா. "சாமி அங்க வந்து அட்டென்டன்ஸ் எடுக்குமோ?"

"நீ சும்மா இரு. உனக்கு விளங்காது," என்றார் ஜெகதீஸ்வரி.

போகாதே என்று ஒருவரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கோபித்துக்கொள்ளவாவது ஓர் ஆள் இருந்திருக்கும். வழக்கத்துக்குக் காவலாள் தேவையில்லை. காவல் நிற்க நாமே போய்விடுகிறோம். விழா நடந்த பின்னேரம் அவர் வீட்டில் உடுப்பு மடித்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வகுப்பில் வின்சன்ட் தேடி வந்தான். "உங்கட பேரை இரண்டு தரம் கூப்பிட்டம், மதாம்," என்று பிரெஞ்சில் சொன்னான். அவர் சாவைப் பற்றியும் விளக்கைப் பற்றியும் தட்டுத்தடுமாறி விளங்கப்படுத்தினார்.

"அந்த மண்டபத்தில நெருப்பு ஏத்த விடமாட்டினம், மதாம். எல்லாம் பற்றரி மெழுகுதிரி. கீழ ஒரு சுவிட்ச் இருக்கு, அவ்வளவுதான்."

படிப்பு முடிந்தது. அந்தியேட்டிக்கு எல்லோரும் லவாலுக்குப் போனார்கள். சாப்பாட்டு நேரம் சிவநேசத்தின் மனைவி ஜெகதீஸ்வரிக்குப் பக்கத்தில் வந்து இருந்தார். விழாவுக்குப் போகாத கதை வித்தியாவின் வாயால் அவருக்கு எட்டியிருந்தது.

"ஏன் ஜெகா அப்பிடிச் செய்தனீர்? எங்கட மூத்தவன்கூட அந்தக் கிழமைதான் பட்டமளிப்புக்குப் போனவன். தேப்பன் இருந்தா போடா எண்டுதானே சொல்லியிருப்பார் எண்டு நான்தான் அனுப்பினனான்."

ஜெகதீஸ்வரி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். இறந்தவரின் மகனுக்கு இல்லாத தடையை, இறந்தவரோடு முகம் கொடுத்துப் பேசாத வீட்டிலிருந்து அவர் சுமந்திருக்கிறார்.

எதிரே இருந்த இரவிச்சந்திரனுக்கும் அது கேட்டது. அவர் அவசரமாகத் தன் ஆட்கள் பக்கம் திரும்பி, "எங்கட ஜெகாவும் இப்ப பெரிய சங்கமொண்டில சேர்ந்திருக்கிறா. கெட்டிக்காரரைத் தவிர வேற ஆரையும் எடுக்கமாட்டினம்," என்றார்.

"மெய்யாவோ?" என்று எல்லோரும் ஜெகதீஸ்வரியைப் பார்த்தார்கள். அவர் விரும்பியபடியே, அத்தனை பேரும்.

"சேரேல்லை," என்றார் ஜெகதீஸ்வரி. "கூப்பிட்டவை. நான் போகேல்லை."