அத்தையின் ஓலைத்தொப்பி

எங்கள் தெருவில் எந்தப் பெண் எதைப் போட வேண்டும், எதைப் போடவே கூடாது என்பதெல்லாம் என் சின்ன அத்தை சொன்னால்தான் முடிவாகும். அப்பாவின் கடைசித் தங்கை. அலங்காநல்லூருக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் ஊரிலிருந்து பஸ் மாறிப் பசுமலைக்குப் போய்ப் படித்துக்கொண்டிருந்தாள். கைப்பேசியில் அலங்கார வீடியோக்களாகப் பார்ப்பாள். பார்த்ததைச் சும்மா வைத்திருக்க மாட்டாள். வட்ட முகத்துக்குத் தொங்கட்டான் போடு, கழுத்து குட்டையாக இருந்தால் ஒட்டின பாசி வேண்டாம், கம்மல் பெரிதென்றால் கழுத்தை வெறுமனே விட்டுவிடு. களையெடுக்கப் போகிறவர்கள்கூட நின்று கேட்டுவிட்டுப் போவார்கள். கழுத்தில் போட ஒன்றுமில்லாதவளுக்கு ரொம்ப உபயோகமான யோசனை என்று அம்மா மட்டும் முணுமுணுப்பாள்.

பழைய மோஸ்தர் எதுவும் செத்துப்போவதில்லை, கொஞ்ச காலம் கழித்துத் திரும்பி வந்தே தீரும் என்பது அத்தையின் கட்சி. அவள் கல்லூரியில் பழைய காலத்து உடையலங்காரம் என்று ஒரு போட்டி வைத்தபோது கேட்க வேண்டுமா. அம்மாவின் கல்யாண ரவிக்கையைப் பிரித்துக் கையைப் புஸ்ஸென்று வைத்துத் தைத்தாள். புள்ளி போட்ட சேலை, பெரிய வளையம், எல்லாவற்றுக்கும் மேலே பெரியார் பஸ் ஸ்டாண்டு பிளாட்பாரத்தில் வாங்கிய, அகல விளிம்பு வைத்த ஓலைத்தொப்பி. சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தது. என் தலையில் ஒருமுறை வைத்துக் காட்டினாள்.

"நெத்திய மறைக்காம வைக்கணும். மூஞ்சி தெரியலைன்னா தொப்பி எதுக்கு?"

போட்டியன்று எனக்குப் பள்ளி விடுமுறை. நான் அடம்பிடித்ததால் என்னையும் கூட்டிக்கொண்டு கிளம்பினாள். தொப்பியைப் பைக்குள் வைத்துக் கொண்டுபோகச் சொன்னாள் அம்மா. விளிம்பு மடங்கிவிடும் என்று தலையிலேயே வைத்து ஊசி குத்திக்கொண்டாள் அத்தை.

பஸ் ஏற மேலத்தெருவைத் தாண்டிப் போக வேண்டும். அந்தத் தெருக்காரர்களின் வயல்களில்தான் தாத்தா ஆயுசு முழுக்க வேலை பார்த்தார். அங்கே நுழையும்போது அவர் தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொள்வார். எங்கள் தெருவில் மற்ற ஆண்கள் அதை எப்போதோ விட்டுவிட்டார்கள். அவர் மட்டும் விடவில்லை. அந்த இடத்துக்கு வந்தால் அவருக்குத் தலை வியர்க்கும்போல என்று நினைத்திருந்தேன்.

அன்றைக்கும் தெருக்கோடியில் பஸ் நிற்கும் டீக்கடை ஓரமாக நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார், துண்டு கக்கத்தில். நாங்கள் வருவதைப் பார்த்து பெஞ்சில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். ஒருவர் மட்டும் தாத்தாவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே சொன்னார்.

"என்னப்பா, ஒம் மக துரைசானி ஆயிட்டா போல."

கோபமாகவெல்லாம் சொல்லவில்லை. தாத்தா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு வந்து, அத்தையின் தலையிலிருந்து தொப்பியை எடுத்தார். ஊசி இருப்பது அவருக்குத் தெரியாது. கொண்டையும் சேர்ந்து அவிழ்ந்து முதுகில் விழுந்தது.

"படிக்கிற புள்ளங்கய்யா. காலேஜுல நாடகமாம்," என்றார்.

தொப்பியைத் துண்டோடு சேர்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். ஓலை நொறுங்கும் சத்தம் எனக்குக் கேட்டது. அத்தை அவிழ்ந்த முடியைக்கூட அள்ளி முடியாமல் பஸ் வரும் திசையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பஸ் வந்ததும் தாத்தா தொப்பியை என் கையில் கொடுத்தார். அத்தையின் முகத்தை அவர் பார்க்கவில்லை.

அத்தை போட்டியில் கலந்துகொள்ளவில்லை. கடைசி வரிசையில் என்னை மடியில் வைத்துக்கொண்டு மற்றவர்களைப் பார்த்துக் கைதட்டினாள். தொப்பி என்ன ஆகும் என்ற ஒரே கவலைதான் எனக்கு. கேட்டேன்.

"நீயே வச்சுக்க," என்றாள்.

சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. கசங்கிய விளிம்பை நீவிவிட்டு, நெற்றியை மறைக்காமல் வைத்துக்கொண்டு, அன்று முழுவதும் கழற்றவே இல்லை.

சாயங்காலம் ஊரில் இறங்கியபோது அதே பெஞ்சில் ஆட்கள் இருந்தார்கள். தாத்தா எங்களுக்காகக் காத்திருந்தார். என் தலையைப் பார்த்தார். பிடுங்கிவிடுவாரோ என்று இரண்டு கைகளாலும் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். பெஞ்சிலிருந்து ஒருவர் என்னைப் பார்த்து, குட்டிக்கு நல்லாத்தான் இருக்கு என்றார். எல்லோரும் சிரித்தார்கள். தாத்தாவும் சிரித்தார். அத்தை முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு எங்களுக்கு முன்னால் வேகமாக நடந்து போனாள்.

அதற்குப் பிறகு, தனக்கு எது எடுப்பாக இருக்கும் என்று யார் வந்து கேட்டாலும், எதையாவது போடுங்க என்று சொல்லிவிடுவாள். எனக்கு அது வருத்தமாக இருந்தது. ஆனால் காரணத்தை நான் அன்றைக்கே கண்டுபிடித்து வைத்திருந்தேன். மேலத்தெரு முழுக்க நான் தொப்பியோடு நடந்தேன், தாத்தா அதில் கை வைக்கவில்லை. அத்தையைவிட என்மேல்தான் அவருக்குப் பிரியம் அதிகம், அதுதான் அத்தைக்குப் பொறுக்கவில்லை என்று வெகுநாள் வரைக்கும் பெருமையாக நம்பிக்கொண்டிருந்தேன்.