லாரிக்கு அடியில் இரண்டு தட்டு

நம்புங்கள் என்று யாரையும் நான் கட்டாயப்படுத்தப் போவதில்லை. ஆனால் இது நடந்தது. ராத்திரியில் இல்லை, சுடுகாட்டுப் பக்கத்தில் இல்லை. போன வருஷம் ஆவணி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை, பட்டப்பகலில், திண்டுக்கல்லில் தாடிக்கொம்பு ரோட்டோரம் இருக்கிற ஒரு லாரிப் பட்டறையில் நடந்தது. ஒவ்வொன்றும் எத்தனை மணிக்கு என்றுகூட என்னால் சொல்ல முடியும். அன்றைக்குக் காலையிலிருந்து மணியைப் பார்த்துப் பார்த்து எரிச்சல்படுவதைத் தவிர எனக்கு வேறு வேலை இல்லை.

என் வீட்டுக்காரர் தண்டாயுதபாணி சொந்த லாரி வைத்து ஓட்டுகிறார். குஜிலியம்பாறைப் பக்கம் ஒருவரிடம் பழைய வண்டியாக வாங்கி அப்போது ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. அன்று மாலை சிறுமலைக்கு ஏறி, வாழைத்தார் ஏற்றிக்கொண்டு இறங்க வேண்டும். மறுநாள் பெரிய முகூர்த்தம். மலையில் தாரெல்லாம் வெட்டிப் போட்டாகிவிட்டது. கீழே இறங்கி வர எத்தனையோ கொண்டை ஊசி வளைவு. ஆனால் வண்டியில் எக்ஸாஸ்ட் பிரேக் பிடிக்கவில்லை.

அது வேறொன்றுமில்லை. இன்ஜினிலிருந்து புகை வெளியேறும் குழாய்க்குள் ஒரு தட்டு இருக்கும். டிரைவர் காலடியில் உள்ள பட்டனை அமுக்கினால் தட்டு மூடிக்கொள்ளும். போக வழியில்லாத புகை இன்ஜினையே அமுக்கிப் பிடிக்கும், வண்டி வேகம் குறையும். பாரத்தோடு மலை இறங்கும்போது சாதாரண பிரேக் சூடேறிக் கைவிட்டுவிடாமல் காப்பாற்றுவது இதுதான். அந்த அழுத்தம் மூன்று கிலோவுக்கு மேல் இருக்க வேண்டும் என்றார் மெக்கானிக் சௌகத் அலி. எங்கள் வண்டியில் ஒன்றரை.

காலை பத்து மணிக்கு ஆரம்பித்தோம். கூட ஆள் இல்லாததால் என்னை டிரைவர் சீட்டில் உட்கார வைத்தார்கள். சௌகத் பாய் ஒரு மீட்டரைக் குழாயில் மாட்டி, நீளமான ஹோஸ் வழியாக ஜன்னலில் என் கண் முன்னால் தொங்கவிட்டார். அவர் அடியில் சாக்கை விரித்துப் படுத்துக்கொள்வார். இன்ஜின் சத்தத்தில் பேச்சு கேட்காது என்பதால் ஸ்பானரால் வண்டியின் அடிச்சட்டமான சேஸில் தட்டுவார். இரண்டு தட்டு என்றால் ஆக்சிலேட்டரை முழுசாக மிதிக்க வேண்டும். ஒரு தட்டு என்றால் காலை எடுத்துவிட்டுப் பட்டனை அமுக்க வேண்டும். முள் எங்கே போய் நிற்கிறது என்று நான் கத்த வேண்டும்.

"ஒண்ணரை!"

அவர் தட்டை இறுக்கும் திருகைத் திருப்புவார். மறுபடி இரண்டு தட்டு.

"ஒண்ணு எட்டு!"

இன்னொரு திருப்பு.

"ஒண்ணு நாலு!"

"யா அல்லா... கூட்டினா குறையுதே!"

என் வீட்டுக்காரர் வண்டியைச் சுற்றிச் சுற்றி நடந்து, டயர், வண்டியை விற்றவர், வெயில், என் கால் என்று எல்லாவற்றையும் திட்டினார். "நீ மிதிக்கிறது பத்தல கலா!" கலா என்று என்னைக் கூப்பிடுவது அவர் மட்டும்தான். மற்ற எல்லோருக்கும் நான் சூர்யா.

"அப்ப நீங்களே வந்து மிதிங்க. நான் போய் சோறாக்குறேன்."

"ரெண்டு பேரும் செத்த நேரம் சும்மா இருங்கப்பா," என்றது அடியிலிருந்து பாயின் குரல்.

மணி 12.35 வரை இதே கூத்து. குழாய் இணைப்பை அடைக்கிற கேஸ்கெட்டில் புகை கசிகிறது, புதுசு வேண்டும் என்றார் பாய். அவர் ஜும்ஆ தொழுகைக்குப் புறப்பட்டார். போகும் முன் திருகின் மேலும் நட்டின் மேலும் சேர்த்து மஞ்சள் பெயின்ட்டால் ஒரு கோடு இழுத்தார். பாதி வேலையில் எழுந்து போனால் அப்படித்தான் செய்வார். அவர் இல்லாத நேரத்தில் வண்டிக்காரர்கள் தாங்களே திருகிப் பார்த்துவிட்டு, அப்புறம் பழியை அவர் மேல் போடுவார்களாம்.

"பாணி, இன்ஜினை அணைச்சுராதீங்க. சூடு ஆறிப்போனா அளவு தப்பாக் காட்டும். தங்கச்சி உக்காந்திருக்கட்டும்."

12.50க்கு என் வீட்டுக்காரர் பைக்கை எடுத்துக்கொண்டு கேஸ்கெட் வாங்கக் கிளம்பினார். பட்டறையில் நான், உறுமிக்கொண்டிருக்கும் இன்ஜின், லாரி நிழலில் படுத்திருந்த ஒரு நாய். வேறு யாருமில்லை.

மணி 1.07.

டக்... டக்.

இரண்டு தட்டு. காலையிலிருந்து பழகிய கால் தானாக ஆக்சிலேட்டரை மிதித்துவிட்டது.

டக்.

பட்டனை அமுக்கினேன். முள் இரண்டில் நின்றது.

"எம்புட்டு கலா?"

இவர் வந்துவிட்டார் போல. "ரெண்டு!" என்றேன். அதற்குள் எப்படி வந்தார்? பைக் சத்தமே கேட்கவில்லையே... இன்ஜின் சத்தத்தில் கேட்டிருக்காது என்று நினைத்துக்கொண்டேன்.

டக்... டக். டக்.

"எம்புட்டு கலா?"

"ரெண்டு நாலு! ஏங்க, கேஸ்கெட் கிடைச்சிருச்சா?"

பதில் இல்லை. கோபம் போல என்று விட்டுவிட்டேன். ஆனால் ஒன்று உறுத்தியது. அந்தக் குரலில் கோபமே இல்லை. காலையிலிருந்து ஊரையே திட்டிய மனிதர்... எங்களுக்குக் கல்யாணமாகிப் பதினான்கு வருஷம். இவ்வளவு பொறுமையாக அவர் பேசி நான் கேட்டதில்லை.

இன்னொன்று. சௌகத் பாய் அடியிலிருந்து தொண்டை கிழியக் கத்தினால்தான் எனக்குக் கேட்டது. இந்தக் குரல் கத்தவில்லை. காதுக்குப் பக்கத்தில் பேசுவது போல் இருந்தது.

நாய் எழுந்தது. லாரிக்கு அடியில் பார்த்தது. குரைக்கவில்லை. பின்னாலேயே நகர்ந்து... ரோட்டுக்குப் போய்விட்டது.

டக்... டக். டக்.

"ரெண்டு ஒம்போது."

பக்கக் கண்ணாடியில் பார்த்தேன். என் வீட்டுக்காரர் அடியில் படுத்தால் கால் இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ஆள் அவ்வளவு உயரம்.

கால் தெரியவில்லை.

மணி 1.19. மடியில் இருந்த போன் அடித்தது. எடுத்துப் பார்த்தேன்.

அவர் பெயர்.

"கலா, இந்தக் கடையில இல்லையாம். பஸ் ஸ்டாண்டு பக்கம் இன்னொரு கடைக்குப் போறேன். ஒரே எரிச்சலா வருது. பாய் வந்தா சொல்லு."

அவருக்குப் பின்னால் பஸ் ஹாரன். ஆட்டோ சத்தம்.

"நீங்க... எங்க இருக்கீங்க?"

"கடையிலதான் நிக்கிறேன். காது கேக்கலையா?"

டக்... டக்.

எனக்குக் கீழே.

என் கால் மிதிக்கவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், நான் மிதிக்கவே இல்லை. இன்ஜின் தானாக உறுமியது.

டக்.

முள் ஏறியது. மூன்று. மூன்று இரண்டு. மூன்று நான்கில் நின்றது. ஆடவே இல்லை.

"போதும் கலா. கெளம்பலாம்."

சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்தேன்.

அமைதி.

சாக்கு இழுபடும் சத்தம்... சரக்... சரக்...

என் கதவுக்கு நேர் கீழே வந்து நின்றது.

இரண்டு காலையும் சீட்டின் மேல் தூக்கி வைத்துக்கொண்டேன்.

1.41 வரைக்கும்.

தொப்பியைக் கழற்றி மடித்தபடி வந்த சௌகத் பாயைப் பார்த்ததும், "அடியில பாருங்க!" என்று கத்தினேன். அவர் குனிந்து பார்த்தார். அடியில் யாரும் இல்லை. அவர் போகும்போது சுருட்டி ஓரமாகச் சாத்திவிட்டுப் போன சாக்கு, விரித்தபடி என் கதவுக்குக் கீழே கிடந்தது.

கொஞ்ச நேரத்தில் இவரும் கையை வீசிக்கொண்டு வந்து சேர்ந்தார். எந்தக் கடையிலும் கேஸ்கெட் கிடைக்கவில்லை. நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "வெயில் மண்டையில ஏறிருச்சு உனக்கு," என்றார். மறுபடி ஸ்டார்ட் செய்து அவரே மிதித்துப் பார்த்தார்.

மூன்று நான்கு.

"யாரு கை வச்சது?" என்று பாய் டார்ச் அடித்துப் பார்த்தார். மஞ்சள் கோடு உடையாமல், நகராமல், அப்படியே இருந்தது.

"எப்படியோ சரியாயிடுச்சுல்ல? கெளம்பலாம்," என்றார் என் வீட்டுக்காரர்.

அந்த வார்த்தையைக் கேட்டதும் சாவியைப் பிடுங்கி முந்தானையில் முடிந்துகொண்டேன்.

"கலா, விளையாடாத. தாரெல்லாம் வெட்டிக் கெடக்கு. நாளைக்கு முகூர்த்தம். இம்புட்டு நாள் பேரைக் கெடுத்துராத!"

"கழட்டிப் பாக்கச் சொல்லுங்க. இல்லாட்டி நானும் வண்டியில வாரேன். போறதுன்னா ரெண்டு பேரும் போவோம்."

நடுப் பட்டறையில் வைத்துக் கத்தினார். நானும் கத்தினேன். ரோட்டில் போனவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். கடைசியில் சௌகத் பாய்தான் ஸ்பானரைக் கையில் எடுத்தார். "தங்கச்சி மனசு ஆறட்டும் பாணி. அரை மணி நேரம்."

அரை மணி நேரம் ஆகவில்லை. குழாயைக் கழற்றியதுமே பாய் உட்கார்ந்துவிட்டார். உள்ளே தட்டைத் தாங்குகிற இரும்புக் கம்பி ஏறக்குறைய இரண்டாக விண்டிருந்தது. நூல் அளவு ஒட்டிக்கொண்டிருந்தது. பாரத்தோடு இறங்கியிருந்தால் இரண்டு வளைவு தாங்கியிருக்காது.

"இதை வச்சுக்கிட்டு ரெண்டு கிலோகூட ஏறக் கூடாதே... மூணு நாலு எப்படிக் காட்டுச்சு?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். தார் வேறொருவர் வண்டியில் இறங்கியது. இவர் ராத்திரி சாப்பிடவில்லை.

விண்ட இடத்தில் பழைய வெல்டிங் இருந்தது. வண்டி முன்னாலேயே எங்கோ அடிபட்டிருக்கிறது என்றார் பாய். ஒரு வாரம் கழித்து, வண்டியை எங்களுக்கு விற்ற மலைச்சாமிக்குப் போன் போட்டேன். அடக்க முடியாத கோபத்தில்தான் போட்டேன். பெரியவர் முதலில் மழுப்பினார். பிறகு ஒத்துக்கொண்டார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் சிறுமலை இறக்கத்தில் வண்டி கவிழ்ந்ததாம். ஓட்டிய அவர் மகன் அங்கேயே போய்விட்டாராம்.

அந்த மகன்தான் வந்தாரோ என்று எனக்குத் தோன்றியது. அன்று கேட்ட தட்டும் சத்தத்தைப் பற்றி மட்டும் பெரியவரிடம் சொன்னேன். குரலைப் பற்றிச் சொல்லவில்லை.

மறுமுனையில் போன் கை மாறியது. ஒரு பெண் பேசினாள். இறந்துபோன மகனின் மனைவி, கௌசல்யா.

"அக்கா... வண்டி கவுந்த அன்னிக்கு மத்தியானம் டிரைவர் சீட்டுல நான்தாங்க உக்காந்திருந்தேன். பட்டறையில வேற யாருமில்ல. அடியிலிருந்து எங்க வீட்டுக்காரர் கேட்டுக்கிட்டே இருந்தாரு. நானும் நம்பர் சொல்லிக்கிட்டே இருந்தேன்."

"அவர்தானேம்மா கேட்டாரு? அதுல என்ன?"

"அவரு அப்ப வேடசந்தூர்ல இருந்தாருக்கா. பொருள் வாங்கப் போயிருந்தாரு. உசுரோடதான் இருந்தாரு... சாயங்காலம் ஆறு மணி வரைக்கும்."

அடுத்து அவளே கேட்டாள்.

"அக்கா, உங்களுக்குக் கேட்டது யாரு குரலு?"

நான் போனை வைத்துவிட்டேன்.

அந்த வண்டியை இவர் மறுபடி எடுக்கவில்லை. பிரித்துப் போட்டுவிட்டார். இப்போது வேறு வண்டி, சமவெளி ஓட்டம் மட்டும். நன்றாக இருக்கிறார். பழையபடி எல்லாவற்றையும் திட்டுகிறார்.

ஆனால் வீட்டின் எந்த மூலையிலிருந்தாவது "கலா" என்று குரல் கேட்டால், நான் உடனே பதில் சொல்வதில்லை. முதலில் எழுந்து போய் முகத்தைப் பார்க்கிறேன்.

போன செவ்வாய்க்கிழமை காலை 11.20க்கு, கொல்லைப்புறத்திலிருந்து பொறுமையாகக் கூப்பிட்டது.

போய்ப் பார்த்தேன். யாரும் இல்லை.