நுரைக்குப் பின்னால்

கறையானுக்கு மருந்து அடிக்கிற எங்களை யாரும் சந்தோஷமாக வீட்டுக்குக் கூப்பிடுவதில்லை. கூப்பிட்டவர்களும் பக்கத்து வீட்டுக்காரர் பார்ப்பதற்குள் வண்டியை உள்ளே விடச் சொல்வார்கள். கதவு நிலையைத் தட்டிப் பார்த்து, பொள்ளென்று சத்தம் கேட்டதும் எங்கள் நம்பரைத் தேடியவரா நீங்கள்? அப்படியானால் நீங்களும் நம்ம ஆள்தான். கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரத்தில் ஒரு வீட்டில் நான் பட்ட பாட்டைக் கேளுங்கள்.

கை வைக்காத வைத்தியம்

வீட்டுக்காரி பெயர் ஷீபா. கணவர் ராஜனுக்குக் கத்தாரில் நுரை அடிக்கிற வேலை. வெயில் உள்ளே இறங்காமல் இருக்கக் கூரையிலும் சுவரிலும் மெஷினால் அடிப்பார்களே, அடித்ததும் பொங்கி இறுகிவிடுமே, அந்த நுரை. போன லீவில் வந்தவர், தகரக்கூரை போட்ட பின்னறையின் வெக்கையைப் பார்த்துவிட்டு, திருவனந்தபுரத்திலிருந்து மெஷினை வாடகைக்கு எடுத்து வந்து, கூரையில் தொடங்கித் தரை வரைக்கும் தானே அடித்துவிட்டுப் போயிருந்தார். அறை நிஜமாகவே குளுகுளுவென்று இருந்தது.

அங்கேதான் அலமாரிக்குப் பின்னால் மண் உதிர ஆரம்பித்திருந்தது. கறையான், அந்தப் பக்கத்துப் பேச்சில் சிதல், நுரையைத் தின்னாது. சுவருக்கும் நுரைக்கும் நடுவில், யார் கண்ணிலும் படாமல் மண்பாதை கட்டி, மேலே மரம் இருக்கும் இடத்துக்குப் போய்விடும். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நான் எங்கே மருந்து வைப்பது? நுரையைக் கொஞ்சம் அறுத்துப் பார்க்க வேண்டும் என்றேன். ஷீபா பதறிப்போய்ச் சொன்னார்:

“அவரு அடுத்த மாசம் ஒரேயடியா வாறாரு அண்ணே. சிதலை மட்டும் கொல்லுங்க, நுரையில கை வைக்கப்பிடாது.”

போன் போகாத மூலை

சரி, தரையோரம் துளை போட்டு முடிந்த மட்டும் மருந்து விடுவோம் என்று ஆரம்பித்தோம். மத்தியானம் ராஜனிடமிருந்து வீடியோ கால். அவருக்குத் தினமும் வீட்டைப் பார்க்க வேண்டுமாம். ஷீபா கிணற்றைக் காட்டினார், அடுக்களையைக் காட்டினார், முற்றத்தில் காயும் ரப்பர் ஷீட்டைக் காட்டினார். பின்னறைக்கு வந்ததும் போனை நேரே கூரைக்குத் தூக்கிவிட்டார். நானும் என்னோடு வேலை பார்க்கும் வின்சென்டும் துளை போடும் மெஷினை நிறுத்திவிட்டுக் கட்டிலுக்குப் பின்னால் திருடர்கள் போலக் குந்தியிருந்தோம். இந்தத் தொழிலில் கறையான் ஒளியும், நாங்கள் தேடுவோம். நானே ஒளிந்தது அன்றைக்குத்தான். எனக்கு எரிச்சலாக வந்தது. ஆனால் அந்த மனுஷன் குரலில் இருந்த பெருமையைக் கேட்டதும் பாவமாகிவிட்டது.

“ரூம்ல இப்பம் சூடு இல்லல்லா?”

உத்திரம்

பின்சுவரை ஒட்டி, வெட்டிய ரப்பர் மரங்களின் வேர்க்கட்டைகள் மண்ணுக்குள் மக்கிக் கிடந்தன; கறையானுக்கு அது விருந்து. அதைப் பார்த்த பிறகு எனக்கு மனசு கேட்கவில்லை. கெஞ்சிக் கூத்தாடி, அலமாரிக்குப் பின்னால் கீழிருந்து மேல் வரை ஒரு பட்டை நுரையை அறுக்கச் சம்மதம் வாங்கினேன். விரல் தடிமனில் மண்பாதைகள் உத்திரம் வரை ஏறியிருந்தன. நல்ல ஆஞ்சிலி மரம். ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினேன். புட்டுக்குள் போவதுபோல உள்ளே போனது. நேர் கீழே ஷீபாவும் மகளும் படுக்கிற கட்டில்.

நுரை முழுவதையும் எடுத்துவிட்டு உத்திரத்தை மாற்ற வேண்டும் என்றேன். ஷீபா உத்திரத்தையும் கட்டிலையும் மாறி மாறிப் பார்த்தார். அப்போதும், “அவருக்குத் தெரியாம முடியாதா அண்ணே?” என்றுதான் கேட்டார். வின்சென்ட் ஏணியைப் பிடித்தபடி சொன்னான்:

“உத்திரம் விழுந்தா மட்டும் அவருக்குத் தெரியாதாக்கா?”

மறுநாள் மத்தியானம்

மறுநாள் ஷீபா போனைக் கூரைக்குத் தூக்கவில்லை. அறுத்த நுரை, மண்பாதை, உத்திரம் எல்லாவற்றையும் ஒழுங்காகக் காட்டினார். பிறகு ராஜன் என்னிடம் கொடுக்கச் சொன்னார். “இங்க இடைவெளி விட்டா சூப்பர்வைசர் ஏசுவான் அண்ணே. அங்க தரையில கொஞ்சம் விட்டிருக்கணும், இல்லியா?” என்றார். ஒரு சாண் விட்டால் போதும், மண்பாதை ஏறுவது கண்ணில் படும் என்றேன். உடனே, “முழுசும் பிய்ச்சிருங்க” என்றார்.

ஷீபா போனைப் பிடுங்கினார். “இந்த வீடு பூரா நீங்க அனுப்பின பைசால ஆளு வச்சுக் கட்டினது. உங்க கையால செஞ்சது இது ஒண்ணுதான்” என்று அழுதுவிட்டார். புருஷன் ஏசுவாரே என்று பயப்படுகிறார் என்றுதான் நான் அதுவரை நினைத்திருந்தேன். வின்சென்ட் மெதுவாக வெளியே போய்விட்டான். போனில் ராஜன் சொன்னார்:

“அவங்க பிய்க்கட்டும், நீ பிள்ளையைக் கூட்டிட்டு முன்னறையில படு. இனிமே நான் அங்கதானட்டி இருக்கப் போறேன், வேற எவ்வளவோ செய்யலாம்.”

கறையானைக் கொல்ல எங்களிடம் விதவிதமாக மருந்து உண்டு. அது வந்துவிட்டது என்று வீட்டுக்காரரிடம் சொல்வதற்குத்தான் இன்னும் ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை.