ஆர்கன் நின்ற இடம்

சித்தப்பா அந்த இசைத்தட்டைப் பிரிக்பீல்ட்ஸ் கடையொன்றில் கேட்டபோது கடைக்காரரே சிரித்தாராம். "இத வாங்க ஆளே இல்ல தம்பி. வந்ததுலேர்ந்து இங்கயேதான் கெடக்கு." வெயில் பட்டு அட்டை வெளுத்து, வெள்ளைக்காரப் பையன்கள் நான்கு பேரின் முகமும் மங்கியிருந்தது. பெயர் சுருள்சுருளான ஆங்கில எழுத்தில் இருந்தது. எனக்கு அப்போது ஏழு வயது, அதைப் படிக்கத் தெரியவில்லை. இன்றுவரை அந்தப் பெயர் எனக்குத் தெரியாது.

செந்தூல் ரயில்வே குவார்ட்டர்ஸில் அவர் எங்களோடு தங்கி, பட்டறையில் வேலை பார்த்தார். காலை ஷிப்டு முடிந்து வந்ததும் அந்தத் தட்டை ரேடியோகிராமில் போட்டு, என்னை முன்னால் உட்காரவைப்பார். முதலில் ஆர்கன் மட்டும் வரும். படிப்படியாக ஏறி, வீட்டையே தூக்கிக்கொண்டு போவதுபோல இருக்கும்.

"என்ன தம்பி, வீட்டுக்குள்ள சர்ச் வெச்சிட்டீங்களா?" என்று அம்மா அடுப்படியிலிருந்து கேட்பார்.

"சர்ச் இல்ல அண்ணி, ராக் மியூசிக் லா! நம்ம பஜனை ஹார்மோனியத்துக்கு இது பெரியண்ணன்."

உச்சத்தில் எல்லாம் சட்டென்று நின்றுவிடும். ஒரு சத்தமும் இருக்காது. நாங்கள் இருவரும் மூச்சைப் பிடித்துக்கொள்வோம். பிறகு டிரம்ஸ் இடிபோல விழும்; சித்தப்பா என் தலையில் விரலால் தாளம் போடுவார்.

அந்த வருடம் என்னைக் கடும் காய்ச்சல் போட்டு எடுத்தது. நான் தேறியதும், தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பதாகச் சித்தப்பா விரதம் தொடங்கினார். விரதம் முடியும்வரை வீட்டில் சாமி பாட்டு மட்டும்தான் என்றார் அப்பா. இசைத்தட்டு அலமாரி மேலே போனது.

எனக்கோ ஆர்கன் நின்றுபோகும் அந்த இடம் வேண்டியிருந்தது. ஒருநாள் மதியம் அம்மா துணி காயப்போடப் பின்பக்கம் போனதும் நாற்காலி போட்டு ஏறி, தட்டை எடுத்து ஓடவிட்டேன். ஆர்கன் உச்சிக்குப் போய் நின்ற அதே நேரம் அப்பா உள்ளே வந்தார். வீடு அமைதியாக இருந்தது. செருப்பைக் கழற்றி, நேரே முருகன் படத்தின் முன் கைகூப்பிக் கண்ணை மூடினார். டிரம்ஸ் விழுந்தது.

"யாரு போட்டது?"

"சித்தப்பா" என்றேன். "போட்டுட்டு வெளிய போயிட்டாரு."

சாயங்காலம் அப்பா கேட்டபோது சித்தப்பா என்னை ஒருமுறை பார்த்தார். "ஆமாண்ணே. நான்தான்."

"விரதம் கெட்டுப் போச்சு. இந்த வருஷம் நீ காவடியத் தொடக் கூடாது."

மறுநாள் அலமாரி மேலே அந்தத் தட்டு இல்லை. என்ன ஆயிற்று என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. அடுத்த தைப்பூசத்துக்குள் சித்தப்பா கப்பல் வேலைக்குப் போய்விட்டார். பிறகு கடிதமும் நின்றது. இன்று கோயிலில் ஹார்மோனியம் சற்று நின்றாலும் நான் மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன்.

நான் பிழைத்தெழ வேண்டும் என்று வேண்டிக்கொண்ட காவடி அது. அம்மா இதை என்னிடம் சொன்னது என் கல்யாணத்துக்குப் பிறகுதான்.

காவடி எடுக்க முடியாத அந்தத் தைப்பூசத்தன்று, பத்துமலை முருகன் கோயிலில் சித்தப்பா மஞ்சள் வேட்டி கட்டி, வெறுங்காலோடு, காய்ச்சலில் இளைத்த என்னைத் தோளில் ஏற்றிக்கொண்டு அத்தனை படியும் ஏறினார். எங்கும் நிற்கவில்லை, என்னை இறக்கிவிடவும் இல்லை. பொய் மறந்துபோய், நான் குஷியாக அவர் தலையில் அந்த டிரம்ஸைத் தட்டிக்கொண்டே போனேன்.